புதியவர்களும் புள்ளிப்பட்டியலும்

இலக்கியம் பேசுகிற இடத்தில் கிரிக்கெட் எதற்கு என்று சில நண்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். ஒரு கவிஞனின் முதல் தொகுப்பைப் படித்துவிட்டு அவனுடைய எதிர்காலத்தையே எழுதி முடித்துவிடும் விமர்சகர்கள் நம்மிடையே குறைவில்லை என்பதால், புதியவர்களை எப்படி மதிப்பிடுவது என்ற கேள்வி நமக்கும் உரியதுதான் என்று நினைக்கிறேன். அந்தக் கேள்விக்குச் சமீபத்தில் கிடைத்த ஆகச்சிறந்த உதாரணம் 2025ஆம் ஆண்டின் சென்னை சூப்பர் கிங்ஸ் அணி.

ஐந்து முறை கோப்பை வென்ற அணி அது. அவ்வாண்டு 14 ஆட்டங்களில் 4 வெற்றிகள் மட்டும் பெற்று, தன் வரலாற்றில் முதன்முறையாகப் பட்டியலின் கடைசி இடத்தில் நின்றது. சேப்பாக்கத்தில் ஆடிய 6 ஆட்டங்களில் ஒன்றில்தான் வென்றது. திருத்தணியில் ரயிலேறிச் சென்று மஞ்சள் சட்டையோடு அமர்ந்து பார்த்துவிட்டு நள்ளிரவில் ஊர் திரும்பிய பொதட்டூர்பேட்டை இளைஞர்களுக்கு அந்தக் கோடை எப்படிக் கழிந்திருக்கும் என்று விளக்கத் தேவையில்லை. அந்த இருட்டில் அவர்கள் பற்றிக்கொண்டது மூன்று பெயர்களை: ஆயுஷ் மாத்ரே, டெவால்ட் பிரெவிஸ், உர்வில் படேல்.

மூவருமே நம்பிக்கை தந்தார்கள் என்பதில் ஐயமில்லை. பதினேழு வயது மாத்ரே மும்பைக்கு எதிரான முதல் ஆட்டத்தில் 15 பந்துகளில் 32 ஓட்டங்கள் எடுத்தார். பெங்களூருக்கு எதிராக 48 பந்துகளில் 94. பிரெவிஸ் ஹைதராபாத்துக்கு எதிராக 25 பந்துகளில் 42 எடுத்தார். உர்வில் கொல்கத்தாவுக்கு எதிராக 11 பந்துகளில் 31. உடனே ஒரு கதை உருவாகிவிட்டது. நிர்வாகம் விழித்துக்கொண்டது, இளைஞர்கள் அணியை மாற்றிவிட்டார்கள் என்பது அந்தக் கதை. தொலைக்காட்சியிலும் தேநீர்க் கடையிலும் அதுவே பேச்சாக இருந்தது.

இந்தக் கதையில் எனக்கு இரண்டு ஆட்சேபணைகள் உண்டு.

முதலாவது, நிர்வாகத்தின் தொலைநோக்கு பற்றியது. 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த பெரிய ஏலத்தில் இந்த மூவரையும் எந்த அணியும் வாங்கவில்லை, சென்னையும் வாங்கவில்லை. மாத்ரே வந்தது ருதுராஜ் கெய்க்வாட்டின் முழங்கையில் காயம் பட்டதால். பிரெவிஸ் வந்தது தமிழகத்தின் இடக்கை வேகப்பந்து வீச்சாளர் குர்ஜப்னீத் சிங்குக்குக் காயம் ஏற்பட்டதால். உர்வில் வந்தது வன்ஷ் பேடியின் காயத்தால். மூன்று காயங்கள் நேராதிருந்தால் இந்த மூன்று கதவுகளும் திறந்திருக்கா. கதவு திறந்தபோது சரியான ஆட்களை அழைத்தார்கள் என்ற பாராட்டு அவர்களுக்கு நியாயமாகச் சேர வேண்டியதே. ஆனால் நெருக்கடியில் எடுத்த நல்ல முடிவு வேறு, நெருக்கடி வருமுன் யோசித்து வைத்திருப்பது வேறு. ஏல மேசையில் அனுபவத்தையே பெரிதும் நம்பிய அணி, பருவத்தின் நடுவே இளமையைத் தேடி ஓடியது. இதைத் திட்டம் என்று அழைப்பது அந்தச் சொல்லுக்கு நாம் செய்யும் அநீதி.

இரண்டாவது ஆட்சேபணை எண்கள் சார்ந்தது. மாத்ரே அணிக்குள் வருவதற்கு முந்தைய 7 ஆட்டங்களில் சென்னை பெற்றது 2 வெற்றிகள். அவர் வந்த பிறகான 7 ஆட்டங்களிலும் 2 வெற்றிகள்தான். அந்தப் பையன் 94 ஓட்டங்கள் எடுத்த ஆட்டத்திலும் அணி 2 ஓட்டங்களில் தோற்றது. இது அவருடைய குறையல்ல. ஒரு புதியவரின் திறமையும் அணியின் வெற்றியும் வெவ்வேறு கணக்குகள், ஒன்றைக் கொண்டு மற்றதை நிரூபிக்க முடியாது என்பதையே இது காட்டுகிறது.

கூடைப்பந்தைப் பின்தொடரும் வாசகர்களுக்கு இது புதிதாக இருக்காது. அமெரிக்காவின் என்.பி.ஏ.யில் தோற்ற அணிகளுக்கே புதியவர்களைத் தேர்ந்தெடுப்பதில் முன்னுரிமைக்கான வாய்ப்பு அதிகம். 2022–23 பருவத்தில் 22 வெற்றி, 60 தோல்வி என்று முடித்த சான் அந்தோனியோ ஸ்பர்ஸ் அணிக்கு அப்படித்தான் விக்டர் வெம்பன்யாமா கிடைத்தார். அவர் அவ்வாண்டின் சிறந்த புதியவராக ஒருமனதாகத் தேர்வானார். அவர் ஆடிய முதல் பருவத்தில் அணி எத்தனை ஆட்டங்களில் வென்றது தெரியுமா? அதே 22. தோல்வியும் அதே 60. அடுத்த பருவத்தில் வெற்றிகள் 34 ஆயின. ஐ.பி.எல்.லில் கடைசி இடத்துக்கு அந்த ஆறுதல் பரிசுகூட இல்லை. ஏலத்தில் பணம் வைத்திருப்பவர் வாங்குவார். ஆகவே இங்கே நிர்வாகத்தின் கண் இன்னும் கூர்மையாக இருந்தாக வேண்டும்.

எங்கள் ஊர் நெசவாளர் ஊர். தறியில் புதிதாக உட்காருகிறவன் நெய்த துணி சீராக வராவிட்டால், விவரம் தெரிந்தவர்கள் முதலில் பார்ப்பது அவன் கையை அல்ல, பாவை. பாவில் இழைகள் தளர்ந்திருந்தால் ஊடை எவ்வளவு ஒழுங்காக ஓடினாலும் பயனில்லை. பாவைத் தயார் செய்தவர் வேறொருவர். புதிய ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசும்போது இந்த எளிய நியாயத்தை நாம் மறந்துவிடுகிறோம்.

இதற்குச் சென்னை அணியின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 2020இல் அணி தடுமாறியபோது, இளைஞர்களிடம் எதிர்பார்த்த பொறி தென்படவில்லை என்ற பொருளில் தோனி பேசினார். அப்போது ருதுராஜ் ஆடியிருந்தவை இரண்டே இன்னிங்ஸ்: 0, 5. அதுவும் கோவிட் தொற்றிலிருந்து மீண்டு வந்து ஆடியவை. மூன்றாவது இன்னிங்ஸிலும் 0. அங்கேயே நிறுத்தியிருந்தால் தீர்ப்பு உறுதியாகியிருக்கும். நிறுத்தவில்லை, அடுத்த மூன்று ஆட்டங்களிலும் அரைச் சதம் அடித்தார். 2021இல் 635 ஓட்டங்களோடு தொடரிலேயே முதலிடம், அணிக்குக் கோப்பை. தோனி சொன்னது அவசரம் என்றால், அதன் பிறகும் அவரை ஆட வைத்தது அதே தலைமையின் பொறுமை. இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும்.

எதிர் உதாரணமும் உண்டு. நாராயண் ஜெகதீசன் சில ஆண்டுகள் சென்னை அணியில் இருந்து, ஆடியது ஏழே ஆட்டங்கள். 2022 நவம்பரில் அணி அவரை விடுவித்தது. அதே மாதம் விஜய் ஹசாரே போட்டியில் தொடர்ச்சியாக ஐந்து சதங்கள், அவற்றில் அருணாசலப் பிரதேசத்துக்கு எதிரான 277. நிர்வாகத்தைக் கேலி செய்ய இதைவிடச் சிறந்த தருணம் வாய்க்காது. ஆனால் பிறகு கொல்கத்தா அணியில் வாய்ப்புக் கிடைத்தபோது அவர் பெரிதாகச் சோபிக்கவில்லை. விடுவித்தது தவறு என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. ஏழு ஆட்டங்களை வைத்து அது சரி என்று சொல்லவும் எவருக்கும் உரிமையில்லை.

2025 டிசம்பர் ஏலத்தில் சென்னை நிர்வாகம் மறுகோடிக்குச் சென்றது. 30 லட்சம் அடிப்படை விலை கொண்ட பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா ஆகிய இருவரையும் தலா 14.20 கோடிக்கு வாங்கியது. அதற்கு முந்தைய மாதம் ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்துச் சஞ்சு சாம்சனைப் பெற்றிருந்தது. இது துணிவா பதற்றமா என்பதை ஒரு பருவத்தின் புள்ளிப்பட்டியலை வைத்து முடிவு செய்ய முடியாது. ஆனால் ஒன்றை இப்போதே சொல்லலாம். அந்த 14 கோடியைத் தீர்மானித்தவர்கள் இருபது வயதை ஒட்டிய அந்தப் பையன்கள் அல்லர். அவர்கள் ஆட்டமிழக்கும் ஒவ்வொரு முறையும் விலையைச் சொல்லிக் கேலி செய்வது, மேசையில் அமர்ந்து கை தூக்கியவர்களின் கணக்கை அவர்கள் தலையில் எழுதுவதாகும்.

என் நிலைப்பாடு இதுதான். புதிய ஆட்டக்காரரைப் பத்துப் பதினைந்து ஆட்டங்களாவது ஒரே இடத்தில் ஆட விட்டு, அவர் எதைக் கற்றுக்கொள்கிறார் என்று பார்க்க வேண்டும். நிர்வாகத்தை அது யாரைக் கண்டுபிடித்தது என்பதைக் கொண்டு மட்டும் மதிப்பிடாமல், யாருக்குக் காத்திருந்தது, யாரைப் பார்க்கவே தவறியது என்பதையும் கொண்டு மதிப்பிட வேண்டும். சென்னையில் பிறந்த சாய் சுதர்சனை 2022இல் 20 லட்சத்துக்கு வாங்கியது குஜராத். சென்னை கடைசியில் நின்ற அதே 2025இல் 759 ஓட்டங்களோடு தொடரிலேயே முதலிடம் பிடித்தவர் அவர்.