அடிப்பூச்சும் சுயபலமும்

நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளில் வர்ணம் அடிப்போர் எவரைக் கேட்டாலும் ஓர் உண்மையைச் சொல்வர்: பிரைமர் சரியில்லையேல், மேல்வர்ணம் எவ்வளவு உயர்ந்ததாயினும் நில்லாது. இவ்வுண்மை ஆகாய விமானத்துக்கும் பொருந்தும் என்பதை நம்மவரில் பலர் அறியார்.

விமானத்தின் மாதிரியைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து, அதன்மீது காற்று எங்கெங்கே எவ்வளவு அழுத்துகிறது என்று விஞ்ஞானிகள் அளக்கின்றனர். மாதிரியில் நூற்றுக்கணக்கான நுண்துளைகளிட்டுக் குழாய்களைப் பொருத்தி அளப்பது பழைய முறை. துளையில்லாத இடத்தின் நிலையை அது நேரே காட்டாது. அழுத்தமுணரும் வர்ணம் இக்குறையைத் தீர்க்கிறது. தக்க ஒளி பட்டதும் அது ஒளிர்கிறது. அழுத்தம் மிகுந்த இடத்தில் பிராணவாயு அவ்வொளியை மங்கச் செய்கிறது. குறைந்த இடம் பிரகாசிக்கிறது. காமிரா எடுக்கும் படத்திலிருந்து அழுத்தத்தைக் கணக்கிடுகின்றனர்.

இவ்வர்ணத்தின் கீழே வெண்மையான அடிப்பூச்சு வேண்டும். அது உலோகத்தை இறுகப் பற்றவேண்டும். ஒளியைச் சீராகத் திருப்பியனுப்ப வேண்டும். மேலுள்ள சாயத்தைக் கெடுக்கலாகாது. காற்றோட்டம் மாறாதபடி மெல்லியதாயும் வழுவழுப்பாயும் இருக்க வேண்டும். ஒலியை மிஞ்சிய வேகத்தில் வீசும் காற்றில் பூச்சு உரிந்தால், அன்றைய பரீட்சை வீணாகும்.

1959-ல் தோன்றி, பெங்களூரில் நிலைபெற்றுள்ள தேசிய விமான ஆராய்ச்சிசாலையில் நம் விஞ்ஞானிகள் இத்தகைய வர்ணத்தைத் தாமே தயாரித்துப் பரீட்சித்துள்ளனர். அவர்களைப் பாராட்டுகிறோம். ஆனால் ஒரு நகரத்தின் முயற்சி மட்டும் போதுமா?

2019 ஜனவரியில் துவக்கப்பட்ட தமிழ்நாட்டுப் பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் சேலமும் ஒன்று. வழித்தடம் என்றதுமே கடைசல் வேலையையும் உதிரி பாகங்களையுமே நம்மவர் நினைக்கின்றனர். மேட்டூரில் ரஸாயனத் தொழில் நெடுநாளாக வேரூன்றியிருக்கிறது. வெண்ணிறச் சாயத்துக்கு மூலமான டைட்டானியம் தாது மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடைக்கிறது. சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் பொறியியல் கல்லூரிகளுக்கும் குறைவில்லை.

தேவையான வர்ணத்தை அந்நிய நாட்டில் வாங்கிவிடலாமே என்பார் சிலர். டப்பாவை வாங்கலாம், அதனுள்ளிருப்பதைச் செய்யும் அறிவை வாங்க முடியாது. தேவைப்படும் அளவு சொற்பமாதலால், லாபம் கருதும் முதலாளிகள் தாமாக இதில் இறங்கமாட்டார்கள். ஆகவே சர்க்கார்தான் முன்வர வேண்டும்.

ஆரம்ப ஆராய்ச்சிக்குக் காற்றுச் சுரங்கமே வேண்டியதில்லை. அழுத்தத்தையும் வெப்பத்தையும் மாற்றவல்ல ஒரு சிறு கலம், ஒரு விளக்கு, ஒரு காமிரா ஆகியவை போதும். இவற்றை இப்பக்கத்துக் கல்லூரி ஒன்றுக்கேனும் அளித்து, பெங்களூர் விஞ்ஞானிகளின் வழிகாட்டுதலையும் பெற்றுத்தர வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அடிப்பூச்சிலும் பிறர் கையை எதிர்பார்க்கும் தேசம், மேலே எத்தனை வர்ணம் பூசிக்கொண்டாலென்ன?