சமையலறைப் புதுப்பிப்பு: குத்தகையாளரிடம் பணத்தை எப்போது கொடுக்கணும்?

சாவி கைக்கு வந்தாச்சு. வீடு காலியாக இருக்கிறது. முதலில் எந்த அறைக்குக் கணக்குப் போடுவீங்க? நம் வீடுகளில் பெரும்பாலும் சமையலறைக்குத்தான். தாளிக்கிற புகையை இழுக்க நல்ல ஹூட் வேணும், கிரைண்டருக்குத் தனி பிளக் வேணும், அரிசி மூட்டை வைக்க அடியில் இடம் வேணும் என்று அம்மாவின் பட்டியல் ஒருபக்கம். நீங்கள் கைபேசியில் சேமித்து வைத்திருக்கும் திறந்த சமையலறைப் படங்கள் இன்னொரு பக்கம்.

இரண்டையும் ஒன்றாக்கித் தரப்போகிறவர் குத்தகையாளர். அவரிடம் போகப்போவது உங்கள் ரொக்கச் சேமிப்பு. வீடு வாங்க மத்திய சேமநிதிப் பணத்தைப் பயன்படுத்தலாம். புதுப்பிப்புக்குப் பயன்படுத்த முடியாது. வங்கிகள் தரும் புதுப்பிப்புக் கடனும் பொதுவாக 30,000 வெள்ளி அல்லது ஆறு மாதச் சம்பளம், இரண்டில் எது குறைவோ அதுவரைதான்.

அந்தப் பணம் பாதியில் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும்? மாட்டாமல் இருக்க என்ன செய்யலாம்? பார்ப்போம்.

"வீவக பட்டியலில் இருக்காங்க. அப்ப பயமில்லைதானே?"

பலர் இங்கேதான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) புதுப்பிப்புக் குத்தகையாளர்களின் பட்டியல் ஒன்றை வைத்திருக்கிறது. அனுமதி தேவைப்படும் வேலைகளை அந்தப் பட்டியலில் உள்ளவர்களிடம்தான் கொடுக்க வேண்டும். அது விதி.

ஆனால் அந்தப் பட்டியலின் நோக்கம் என்ன? கட்டடத்தின் பாதுகாப்பு. சுமை தாங்கும் சுவரை, தூணை, உத்தரத்தை யாரும் உடைத்துவிடக்கூடாது. தரைப்பூச்சும் டைல்ஸும் சேர்ந்து 50 மில்லிமீட்டருக்கு மேல் கனமாகக்கூடாது. விதி தெரிந்தவர்கள் வேலை செய்ய வேண்டும் என்பதற்காக அந்தப் பட்டியல்.

உங்கள் கேபினெட் நேராக வருமா, நிறுவனம் அடுத்த மாதமும் திறந்திருக்குமா என்பதற்கெல்லாம் அது உத்தரவாதம் இல்லை. நீங்களும் குத்தகையாளரும் கையெழுத்துப் போடுவது உங்கள் இருவருக்கும் இடையிலான தனி ஒப்பந்தம். தகராறு வந்தால் அதை நீங்கள்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

நிறுவனங்கள் ஏன் பாதியில் நின்றுபோகின்றன?

எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. இந்தத் தொழிலில் பணம் சுற்றும் விதத்தைப் புரிந்துகொண்டால் காரணம் தெரியும்.

நீங்கள் பார்க்கும் வடிவமைப்பாளரோ விற்பனையாளரோ உங்கள் வீட்டில் சுத்தியலைத் தூக்கமாட்டார். சுவர் உடைப்பவர் ஒருவர், டைல்ஸ் போடுபவர் ஒருவர், மின்சார வேலைக்கு ஒருவர், குழாய்க்கு ஒருவர், தச்சுவேலைக்கு இன்னொருவர். இவர்கள் பெரும்பாலும் துணைக் குத்தகையாளர்கள். பல நிறுவனங்களின் கேபினெட்டுகள் ஜொகூரில் உள்ள பட்டறைகளில் தயாராகி வருகின்றன.

முன்பணத்தை வாங்கும் நிறுவனம் அதிலிருந்துதான் இவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறது. பணத்தைத் தனித்தனியாக வைக்காத நிறுவனத்தில் என்ன நடக்கும்? இன்றைய வாடிக்கையாளரின் முன்பணம் நேற்றைய வாடிக்கையாளரின் பாக்கி வேலைக்குப் போகும். புது வேலைகள் வந்துகொண்டிருக்கும்வரை யாருக்கும் தெரியாது. பொருள் விலையோ ஆள் கூலியோ ஏறினால், அல்லது புது வேலைகள் குறைந்தால், சங்கிலி அறுந்துவிடும். கூலி வராத தச்சர் வேலைக்கு வரமாட்டார். உங்களுக்கு வரும் பதில்: "அடுத்த வாரம் கண்டிப்பா முடிச்சிடலாம்."

நிறுவனம் கலைக்கப்பட்டால் நிலைமை இன்னும் மோசம். முன்பணம் கொடுத்த வாடிக்கையாளர் பிணையில்லாக் கடனாளர்களின் வரிசையில் நிற்க வேண்டும். சொத்தைப் பிணையாக வைத்துக் கடன் கொடுத்த வங்கி முன்னால் இருக்கும். நம் முறை வரும்போது பெரும்பாலும் பெரிதாக எதுவும் மிஞ்சியிருக்காது.

ஒரு சின்னக் கணக்கு

சமையலறை வேலைக்கு மொத்தம் 20,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். சுவர் உடைத்து, டைல்ஸ் போட்டு, குழாய் மாற்றிய பிறகு குத்தகையாளர் காணாமல் போகிறார். அதுவரை நடந்த வேலையின் மதிப்பு 7,000 வெள்ளி.

முதல் வீட்டில், ஆரம்பத்திலேயே 80 விழுக்காட்டைக் கட்டிவிட்டார்கள். போனது 16,000; கையில் இருப்பது 4,000. மீதி வேலைக்குத் தேவை 13,000. துண்டு விழுவது 9,000 வெள்ளி.

இரண்டாவது வீட்டில், கையெழுத்தின்போது 2,000, டைல்ஸ் வேலை முடிந்த பிறகு 6,000 கொடுத்தார்கள். போனது 8,000, கையில் இருப்பது 12,000. துண்டு விழுவது 1,000 வெள்ளி.

அதே குத்தகையாளர், அதே ஏமாற்றம். ஆனால் ஒரு வீட்டில் அது வருத்தம். மற்ற வீட்டில் அது கடன். வித்தியாசம் பணம் கட்டிய தேதிகளில் இருக்கிறது.

அப்படியானால் எப்படிப் பிரித்துக் கொடுப்பது?

நாள்காட்டியைப் பார்த்துக் கொடுக்காதீங்க. முடிந்த வேலையைப் பார்த்துக் கொடுங்க. "இரண்டாவது வாரம் 40 விழுக்காடு" என்று ஒப்பந்தத்தில் இருந்தால், அதை "தரை டைல்ஸ் முடிந்து, இருவரும் பார்த்த பிறகு" என்று மாற்றச் சொல்லுங்கள்.

முன்பணம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. 10 விழுக்காடு என்பது பேசத் தொடங்க நியாயமான இடம்.

தச்சுவேலைதான் சிக்கலான கட்டம். அளவெடுத்த பிறகு உங்கள் சமையலறைக்கென்றே பலகையை வெட்டுகிறார்கள். வேறு வீட்டுக்கு அதைப் பயன்படுத்த முடியாது. அதனால் முன்கூட்டியே பணம் கேட்பதில் நியாயம் இருக்கிறது. அதற்காக முழுத்தொகையையும் அப்போதே கொடுக்க வேண்டியதில்லை. வரைபடத்தில் கையெழுத்துப் போடும்போது ஒரு பகுதி, கேபினெட் வீட்டுக்கு வந்து பொருத்தப்பட்ட பிறகு மறுபகுதி என்று பிரிக்கச் சொல்லலாம்.

கடைசி 5 முதல் 10 விழுக்காட்டைக் குறைகள் சரிசெய்யப்படும்வரை கையில் வைத்திருங்கள். சரியாக மூடாத இழுப்பறைக்காக ஒருவர் திரும்பி வருவார் என்றால், அந்தப் பாக்கித் தொகைக்காகத்தான் வருவார்.

பணத்தை நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். 'பேநவ்' என்றால் நிறுவனத்தின் பதிவு எண்ணுக்கு. "என் நம்பருக்கே போட்டுடுங்க, சீக்கிரம் முடியும்" என்று விற்பனையாளர் சொன்னால், அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கையெழுத்துப் போடும்முன் என்ன பார்க்கணும்?

● பெயர்: ஒப்பந்தத்தில் உள்ள நிறுவனமும் வீவக பட்டியலில் உள்ள நிறுவனமும் ஒன்றா? கடைப்பலகையில் ஒரு பெயர், ரசீதில் வேறு பெயர் என்றால் கேள்வி கேளுங்கள்.

● வயது: கணக்கியல், நிறுவனக் கட்டுப்பாட்டு ஆணையத்தின் 'பிஸ்ஃபைல்' தளத்தில் தேடிப் பாருங்கள். சிறு கட்டணத்தில் நிறுவனத்தின் விவரங்களை வாங்கலாம். எப்போது தொடங்கியது, மூலதனம் எவ்வளவு, இயக்குநர் யார் என்று தெரியும். சிங்கப்பூரில் 1 வெள்ளி மூலதனத்திலும் நிறுவனம் தொடங்கலாம் என்பதை நினைவில் வையுங்கள்.

● நற்சான்று: சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்தின் 'கேஸ்டிரஸ்ட்' நற்சான்று பெற்ற புதுப்பிப்பு நிறுவனங்கள், வாடிக்கையாளரின் முன்பணத்துக்கு உத்தரவாதப் பத்திரம் எடுக்க வேண்டும். நிறுவனம் மூடப்பட்டால் முன்பணத்துக்கு அதுதான் பாதுகாப்பு. உங்கள் ஒப்பந்தத்துக்கு அது எடுக்கப்பட்டதா, எவ்வளவு தொகைவரை என்று கேட்டு, பத்திரத்தைக் கையில் வாங்குங்கள். அது காப்பது முன்பணத்தை மட்டுமே. பிறகு கட்டும் தவணைகளை அல்ல.

● வரி: பொருள் சேவை வரி இப்போது 9 விழுக்காடு. அதற்குப் பதிவு செய்துள்ள நிறுவனம் மட்டுமே அதை வசூலிக்கலாம். விலைப்புள்ளியில் வரி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். 20,000 வெள்ளிக்கு அது 1,800 வெள்ளி!

● விலைப்புள்ளி: "சமையலறை கேபினெட், ஒரு செட்" என்று ஒரே வரியில் இருந்தால் ஒப்பிடவே முடியாது. எத்தனை அடி, என்ன பலகை, என்ன கீல், மேடைக்கு என்ன கல், பழைய பொருள்களை அப்புறப்படுத்தும் செலவு யாருடையது என எல்லாம் எழுத்தில் வேணும். குறைந்தது மூன்று பேரிடம் வாங்குங்கள். ஒன்று மட்டும் ரொம்பக் குறைவு என்றால், எது விடுபட்டிருக்கிறது என்று தேடுங்கள். விடுபட்டது பிறகு 'கூடுதல் வேலை' என்ற பெயரில் திரும்பி வரும்.

சமையலறைக்கு மட்டும் உள்ள விதிகள்

வீவக வீட்டில் சமையலறைச் சுவரை உடைப்பதற்கும் தரை டைல்ஸை மாற்றுவதற்கும் அனுமதி வேண்டும். கேபினெட் பொருத்துவதற்குத் தேவையில்லை. குத்தகையாளர்தான் விண்ணப்பிப்பார். ஆனால் அனுமதிக் கடிதத்தை நீங்கள் கண்ணால் பார்க்கும்வரை ஒரு கல்லைக்கூட எடுக்கவிடாதீங்க. விதி மீறினால் வீட்டுக்காரரும் பதில் சொல்ல வேண்டும்.

எரிவாயுக் குழாய், தண்ணீர்க் குழாய், மின்கம்பி மூன்றையும் உரிமம் பெற்றவர்களே தொடலாம். "அடுப்பை ரெண்டடி தள்ளிக்கலாம், நானே பண்ணிடறேன்" என்று டைல்ஸ்காரர் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சத்தம் தரும் வேலைகளுக்கு வார நாள்களில் காலை 9 முதல் மாலை 5 மணிவரைதான் அனுமதி. பொதுவான வேலைகள் திங்கள் முதல் சனிவரை, காலை 9 முதல் மாலை 6 மணிவரை. அனுமதி கிடைத்த தேதியிலிருந்து புதிய புளோக்கில் 3 மாதங்களுக்குள்ளும் ஏற்கெனவே உள்ள வீட்டில் 1 மாதத்துக்குள்ளும் வேலையை முடிக்க வேண்டும்.

இதனால்தான் "தீபாவளிக்குள்ள முடிச்சுக் கொடுங்க" என்று கடைசி நேரத்தில் அவசரப்படுத்துவது ஆபத்து. சனி, ஞாயிறு, தீபாவளிக்கு முந்தைய நாள் எதிலும் சுவர் உடைக்க முடியாது. அவசரத்தைக் காட்டினால், "அப்படின்னா இப்பவே பாதிப் பணம் கட்டிடுங்க" என்ற பதில்தான் வரும். பண்டிகைக்குப் பழைய அடுப்பிலேயே முறுக்குச் சுட்டுக்கொள்ளலாம்.

தனியார் கூட்டுரிமை வீடு என்றால் விதிகளையும் வேலை நேரத்தையும் உங்கள் நிர்வாக அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே சிக்கலில் இருக்கீங்களா?

முதலில், அடுத்த தவணையைக் கட்டாதீங்க. "இன்னும் 3,000 போட்டா நாளைக்கே ஆள் வரும்" என்ற பேச்சில்தான் பலர் இரண்டாவது முறை இழக்கிறார்கள். ஒப்பந்தத்தின்படி எந்த வேலை முடிந்தால் எந்தத் தவணை என்று பார்த்துவிட்டு, வேலை முடியவில்லை என்பதை எழுத்தில் சொல்லுங்கள்.

அடுத்து, எல்லாவற்றையும் படம் எடுங்கள். குறுஞ்செய்திகள், ரசீதுகள், வரைபடங்களைத் தேதிவாரியாகச் சேமியுங்கள். ஒரு தேதியைக் குறிப்பிட்டு, அதற்குள் முடிக்கும்படி மின்னஞ்சல் அனுப்புங்கள்.

பதில் இல்லையென்றால் பயனீட்டாளர் சங்கத்தின் உதவியை நாடலாம். அது சமரசம் செய்ய உதவும். கட்டாயப்படுத்தும் அதிகாரம் அதற்கு இல்லை.

அதற்கு அடுத்த கதவு சிறு கோரிக்கை நடுவர் மன்றம். 20,000 வெள்ளிவரை கோரலாம். இருதரப்பும் ஒப்புக்கொண்டால் 30,000 வரை. வழக்கறிஞர் கிடையாது, நீங்களே பேசலாம். இரண்டு ஆண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் உத்தரவு கிடைப்பது வேறு, பணம் கிடைப்பது வேறு. நிறுவனத்திடம் ஒன்றுமே இல்லையென்றால், ஜெயித்த காகிதம் மட்டும்தான் கையில் இருக்கும்.

தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் நோக்கம் இருந்ததாகச் சந்தேகம் வந்தால் காவல்துறையில் புகார் கொடுங்கள். நிறுவனம் கலைக்கப்பட்டால், கலைப்பாளரிடம் உங்களுக்கு வரவேண்டிய தொகையைப் பதிவு செய்யுங்கள்.

நேரடியாகப் பேரம் பேசக் கூச்சமாக இருக்கா?

நம்மில் பலருக்கு இருக்கும். வயதில் மூத்தவர், தெரிந்தவர் மூலம் வந்தவர், வீட்டுக்கு வந்து காப்பி குடித்துவிட்டுப் போனவர். அவரிடம் போய் "டைல்ஸ் முடிஞ்ச பிறகுதான் பணம்" என்று எப்படிச் சொல்வது?

சொல்லலாம். "அண்ணே, வேலை முடிய முடியக் கொடுத்திடறேன், அதை அப்படியே எழுதிக்குவோமா?" என்று கேளுங்கள். நல்ல குத்தகையாளர் இதைக் கேட்டுக் கோபப்படமாட்டார். கட்டங்களைக் கொஞ்சம் மாற்றச் சொல்வார், அவ்வளவுதான். முகம் மாறி, "நம்பிக்கை இல்லைன்னா வேற ஆளைப் பாருங்க" என்று சொன்னால், அந்த அறிவுரையை ஏற்றுக்கொண்டு வேறு ஆளைப் பாருங்கள்.