சுருட்டு வளர்த்த உறவாம்!

"சுருட்டுப் பிடிப்போருக்குள் சாதியில்லை, சமயமில்லை, முன்பின் அறியாதவன் வந்தாலும் அருகே இருத்தி, தீக்குச்சி கிழித்துக் கொடுத்து, இருந்து பேசு என்று உபசரிக்கும் உறவு அது" என்று ஒரு வாதம் புறப்பட்டிருக்கின்றது. பெருநகர் விடுதிகளின் குளிரூட்டிய அறைகளிலே கியூபாச் சுருட்டின் முனையை வெள்ளிக் கத்தரியால் நறுக்கிப் பற்றவைக்கும் கனவான்கள் இதைச் சொல்கின்றார்கள். குருவிட்டக் கடைத்தெரு வாங்கிலே குந்தியிருக்கும் பெரியவர்களும் இதையே சொல்கின்றார்கள். முன்னவருள் நம் சட்டத்தரணிமாரும் டாக்குத்தர்மாரும் உளர். பின்னவருள் பால் வெட்டுந் தொழிலாளரும் கணக்கப்பிள்ளைமாரும் உளர். ஒரு திறத்தார் மற்றத் திறத்தாரோடு ஒரு வாங்கில் இருந்ததில்லை. எனினும் வாதம் ஒன்றே. அதை எடுத்து விசாரிப்போம்.

உறவு பொய் என்று நாம் சொல்லோம். சுருட்டு நமக்கு அந்நியமானதுமன்று. ஆங்கிலேயன் 'செரூட்' என்று வழங்கும் சொல்லே நம் 'சுருட்டு'த்தான். திருச்சிராப்பள்ளிச் சுருட்டு சீமைக்கும் கப்பலேறிற்று. யாழ்ப்பாணத்துச் சுருட்டோ வடக்கிலே சுற்றப்பட்டுத் தெற்கிலே புகைக்கப்பட்டது. தென்னிலங்கைச் சிற்றூர்களிலெல்லாம் யாழ்ப்பாணத்தான் சுருட்டுக்கடை வைத்தான். கடைக்கு ஊரிலிருந்து சிறுவர்கள் வந்தார்கள். மீசை அரும்பாத பிள்ளை, சிங்களத்தில் ஒரு சொல்லும் அறியாதவன், கடையிலேயே உண்டு, கடையிலேயே உறங்கி, ஆண்டுக்கொருகால் ஊர் கண்டு, தொழிலும் மொழியும் பழகினான். அந்தப் புதியவனுக்கு அயற்கடைக்காரன் காட்டிய பரிவும், வாங்கில் வந்திருந்த கிராமத்துச் சிங்களவன் கற்றுக்கொடுத்த நாலு சொல்லும் மெய்யான உறவுதான். அதை யார் மறுப்பார்?

ஆனால் அந்த உறவுக்குத் தகப்பன் புகையா? இதுவே நமது கேள்வி.

சுருட்டுச் சுற்றும் இடத்துக்குப் போய்ப் பார்த்தால் விடை கிடைக்கும். யாழ்ப்பாணத்துச் சுருட்டுக் கொட்டில்களிலே, கைகள் இலை விரித்துக் காம்பு நீக்கிச் சுற்றிக்கொண்டிருக்க, ஒருவர் இருந்து பத்திரிகை வாசிப்பார். மற்றையோர் கேட்பர்; இடையிடையே மறித்து வாதாடுவர். பள்ளிக்கூட வாசலை மிதியாத தொழிலாளி உலகப் போரின் போக்கை விரல்நுனியில் வைத்திருந்தது இப்படித்தான். புதிதாக வந்த பையனுக்கு அங்கே கிடைத்த முதற் கல்வியும் அதுவே.

கியூபாவிலும் இதே கதை. அவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 இல் வாசிப்பு முறை தொடங்கிற்று. வாசிப்பவருக்குத் தொழிலாளரே தங்கள் கூலியிலிருந்து பணங் கொடுத்தனர். மறு ஆண்டே, 1866 இல், ஸ்பானிய ஆளுநன் அதைத் தடைசெய்தான். தடை நீங்கிய பின் வாசிப்பு மீண்டும் தழைத்தது. அமெரிக்காவின் தம்பா நகருக்குக் குடிபெயர்ந்த தொழிலாளர் அம்முறையையுங் கூடவே கொண்டு சென்றனர். 1931 இல் அங்குள்ள ஆலை முதலாளிமார் வாசிப்போரை வெளியேற்றினர்; அவர்கள் இருந்த மேடையில் வானொலிப் பெட்டி ஏறிற்று. கவனியுங்கள்! புகையை எந்த ஆளுநனும் தடுக்கவில்லை. எந்த முதலாளியும் அதற்கு அஞ்சவில்லை. அவர்கள் அஞ்சியது வாசிப்புக்கு. வாசித்ததைக் கேட்டுக் கூலி கேட்கத் துணிந்த கூட்டத்துக்கு. (இன்று கனவான்கள் பெருவிலை கொடுத்து வாங்கும் 'மொன்டி கிறிஸ்டோ' என்னும் பெயர்கூடத் தொழிலாளர் கேட்டு மகிழ்ந்த நாவலிலிருந்து வந்தது என்பர். குளிரறையில் அதைப் புகைப்போருள் எத்தனை பேருக்கு அது தெரியுமோ!)

கேரளத்தையும் பாருங்கள். 1966 இல் இந்தியப் பாராளுமன்றம் பீடி, சுருட்டுத் தொழிலாளருக்கென்று சட்டம் இயற்றிற்று. அதனை நடைமுறைப்படுத்த முற்பட்ட 1968 இல், கண்ணூர்ப் பகுதியிலே வேலை கொடுத்து வந்த பெரும் பீடி முதலாளிமார் சட்டத்துக்குக் கட்டுப்பட மனமின்றிக் கதவை அடைத்துப் போயினர். பல்லாயிரவர் வீதிக்கு வந்தனர். 1969 இல் அவர்களே கூடித் 'தினேஷ் பீடி' என்னும் கூட்டுறவை நிறுவினர். அங்கும் ஒருவர் வாசிக்க மற்றையோர் சுற்றினர். பின்னாளில் பீடிக்குக் கிராக்கி குறைந்தபோது அக்கூட்டுறவு மடிந்ததா? இல்லை. குடை செய்தது, உணவுப் பண்டஞ் செய்தது, தேங்காய்ப்பால் எடுத்தது. புகை குறைந்தது, கூட்டம் நின்றது. உறவு புகையில் இருந்திருக்குமாயின் புகையோடு அதுவும் போயிருக்குமன்றோ?

"சாதியில்லை" என்கிறார்களே, அதையும் கேட்போம். சுருட்டை நீட்டிய கை தண்ணீர்ச் செம்பை நீட்டிற்றா? 'தோட்டக்காட்டான்' என்னும் இழிசொல்லை நாவில் வைத்துக்கொண்டே அவனுக்குக் கடனுக்குச் சுருட்டுக் கொடுத்த கடை முதலாளிமார் எத்தனை பேர்! 1948 இலும் 1949 இலும் மலையகத் தமிழனின் பிரசாவுரிமையும் வாக்குரிமையும் பறிக்கப்பட்டபோது, வாங்கில் ஒன்றாயிருந்து புகைத்தவருள் எத்தனை பேர் வாய் திறந்தனர்? மூன்று தலைமுறை உழைத்தவனும் சட்டத்தின் கண்ணில் நேற்று வந்தவனாயினான்.

1958 இலும், 1977 இலும், 1983 இலும் தென்னிலங்கையில் தமிழர் கடைகள் எரிந்தன. 1981 ஆவணியில் இரத்தினபுரி மாவட்டத்துத் தோட்டங்களில் லயங்கள் தாக்கப்பட்டு மக்கள் காட்டிலே ஒளித்தனர். எந்தச் சுருட்டு குறுக்கே வந்து மறித்தது? உயிரைப் பொருட்படுத்தாது தமிழரை வீட்டுக்குள் ஒளித்துக் காத்த சிங்கள அயலவர் உளர். அவர்களை நாம் மறவோம். அவர்கள் காத்தது அறிந்த மனிதனை. அவன் விற்ற புகையிலைக்காக அன்று.

இனி இன்றைய புதியவனைப் பார்ப்போம். நமது தோட்டங்களிலே பதினைந்து பதினாறு வயதுப் பையன் முதன்முதல் மலைக்கு வேலைக்குப் போகின்றான். ஓயாத மழை, அட்டைக்கடி, குளிர். "ஒன்று பிடித்துப் பார், அட்டையும் அண்டாது, குளிரும் தெரியாது" என்று மாமன் முறையுள்ள ஒருவர் அன்போடு நீட்டுகின்றார். 2006 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டம் இருபத்தொரு வயதுக்குட்பட்டவனுக்குப் புகையிலைப் பொருள் விற்றலாகாது என்கின்றது. மாமன் விற்கவில்லையே! அன்பளிப்புச் செய்கின்றார். எந்தப் பொலிசார் வந்து பிடிப்பர்? சட்டத்தின் கை எட்டாத இடத்தில்தான் இந்த உறவு தன் வேலையைச் செய்கின்றது. வழக்குப் பேசும் நமக்கே இதைச் சொல்ல வெட்கமாயிருக்கின்றது.

"சிகரெட் போலன்று, சுருட்டுப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை" என்பது அடுத்த சமாதானம். கற்றவரும் இதைச் சொல்வதுதான் வேதனை. சுருட்டுப் புகையிலுள்ள நிக்கொட்டின் இழுக்காமலே வாயின் மென்தோல் வழி இரத்தத்திற் சேரும். பெரிய சுருட்டொன்றில் ஒரு சிகரெட் பெட்டி முழுவதற்கும் ஈடான புகையிலை இருத்தல் கூடும். இந்நாட்டு ஆண்களைப் பற்றும் புற்றுநோய்களில் வாய்ப்புற்றே முன்னிற்கின்றது. வெற்றிலையோடு புகையிலை மெல்லுதலும் அதற்குத் துணை. வாயில் ஆறாத வெண்திட்டோடு குருவிட்டவிலிருந்து இரத்தினபுரிக்கும், அங்கிருந்து மகரகமவுக்கும் பஸ் ஏறும் தொழிலாளிக்கு நாட்கூலி போகும். பிறகு தோடு அடகுக்குப் போகும். தீக்குச்சி கிழித்துக் கொடுத்த மாமன் அப்பொழுது ஆஸ்பத்திரி வாசலில் நிற்பாரா?

வடக்கிலே புகையிலை நடும் கமக்காரர் இதைப் படித்துச் சினங்கொள்ளக்கூடும். சினங்கொள்ள அவருக்கு உரிமையுண்டு. செம்மண்ணைக் கொத்தி, நீரிறைத்து, தலை முறித்து, பக்கத்தளிர் கிள்ளி, இலையைப் புகைக்குடிலில் ஏற்றியிறக்கும் பாடு நாமறிவோம். வெங்காயம் விலை சரிந்த ஆண்டிலே அவர் வீட்டில் அடுப்பெரித்தது புகையிலைதான். பயிரைக் கைவிடு என்று வெறுங்கையோடு அவர் முன்னே போய் நிற்பவன் அயோக்கியன். மாற்றுப் பயிருக்கு உறுதியான விலையும், விற்கச் சங்கமும், நட்டப்பட்டால் தாங்குதலும் வேண்டுமென்று அவரோடு சேர்ந்து அரசிடம் கேட்பதே நம் வேலை. கண்ணூர்க்காரர் இந்த வழியிலே முன் நடந்திருக்கின்றார்கள். ஆனால் தம் பிள்ளையை டாக்குத்தருக்குப் படிப்பிக்க விற்ற இலை, மலையில் இன்னொருவர் பிள்ளையின் வாய்க்குத்தான் போகின்றது என்பதையும் அவரிடம் மறைக்க மாட்டோம்.

வாங்கை உடைக்கச் சொல்லவில்லை. வாங்கு இருக்கட்டும்; புதியவன் வரட்டும்; பெரியவர் அருகே இருத்தட்டும். கையிற் கொடுப்பது சுருட்டாக வேண்டாம், பத்திரிகையாகட்டும். பின்னேரம் வேலை விட்டு வந்தபின், லயத்துக்கு ஒருவர், அரைமணி நேரம், உரக்க வாசித்தாற் போதும். சம்பள நிர்ணயம், காணியுறுதி, தோட்டப் பாடசாலைக்கு ஆசிரியர் வெற்றிடம், இவை பற்றி அச்சிற் கிடப்பவை லயக்காம்பராவுக்குள் வந்து சேரட்டும்.

குருவிட்டப் பகுதித் தோட்டங்களிலே இதைத் தொடங்க எண்ணியிருக்கின்றோம். வாசிக்கத் தெரிந்த பையன்களும் பெண்பிள்ளைகளும் ஒவ்வொரு லயத்திலும் இருக்கின்றார்கள். பத்திரிகைக்கும் விளக்குக்குமே பணம் வேண்டியிருக்கின்றது. குளிரறைக் கனவான்கள் மாதத்தில் ஒரு கியூபாச் சுருட்டின் விலையை அனுப்பினால் ஒரு லயத்துக்குப் போதும். ஞாயிறுதோறும் ஒருவர் நேரில் வந்து, தொழிலாளரோடு அதே வாங்கிலே இருந்து, சட்டமோ வைத்தியமோ சொல்லிக் கொடுப்பாராயின் பணத்தினும் அது பெரிது. வருவோர் முன்கூட்டி அறிவித்தால் அவிசாவளை வழியிலே எதிர்கொண்டழைக்க ஆள் நிறுத்துவோம்.