ஒரு சொல், இரு கருவிகள்

தமிழ்ச் செய்திகளில் ரிவால்வரும் பிஸ்டலும் பெரும்பாலும் ‘கைத்துப்பாக்கி’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. இச்சிக்கனத்தில் ஒரு தடயமே தொலைகிறது. ரிவால்வர், சுட்ட தோட்டாவின் வெற்றுறையைத் தன் உருளையிலேயே வைத்துக்கொள்ளும். பிஸ்டலோ வெளியே எறிந்துவிடும். 2017 செப்டம்பர் 5 அன்று பெங்களூரில் கௌரி லங்கேஷ் கொல்லப்பட்டபோது, குண்டுகளையும் வெற்றுறைகளையும் ஒப்பிட்டே, 2015இல் கல்புர்கியைக் கொன்றதும் அதே ஆயுதம் எனத் தடயவியலார் கண்டனர்.

தோட்டாவின் அளவைக் குறித்தாலே போதும் என்பாரும் உளர். போதாது. முதல் உலகப்போரில் பிஸ்டல்கள் பற்றாதபோது, அதே .45 தோட்டாக்களைப் பிறைவடிவத் தகடுகளில் செருகிச் சுடும் எம்1917 ரிவால்வரை அமெரிக்கப் படை ஏற்றது. தோட்டா ஒன்றாயினும் கருவி வேறு.

‘சுழல்துப்பாக்கி’ என்ற சொல் தமிழில் ஏற்கெனவே உண்டு. கொலை வழக்கை எழுதுவோர் அதனை உரிய இடத்தில் மட்டும் ஆள வேண்டும்.