பாட்டியின் கடிதத்தைப் போன் வாசித்தபோது

 

கொஞ்சம் நீளமான பதிவு. தோட்டத்தில் வீடு உள்ளவர்களும், தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறவர்களும், டவுனில் கொமினிகேஷன் கடை வைத்திருப்பவர்களும் கடைசிவரை வாசித்தால் நல்லது.

ஒரு தப்பைச் சொல்லித் தொடங்குகிறோம். அது எங்கள் தப்பு.

யட்டியாந்தோட்டைப் பக்கம் ஒரு இறப்பர் தோட்டத்திலிருந்து ஒரு பாட்டி பாடசாலைக்கு வந்தார். அவருடைய பேத்தி எங்களிடம் படிக்கிறாள். வாழ்நாள் முழுக்கப் பால் வெட்டிய கை. அந்தக் கையில் நாலாக மடித்த ஒரு கடிதம். "என்னா போட்டுருக்காங்கன்னு பாத்துச் சொல்லுங்க சேர்" என்று நீட்டினார். முழுக்கச் சிங்களம். வேலை செய்த காலத்துக் காசு சம்பந்தமானது. எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமில்லை.

எங்களில் பலருக்குச் சிங்களம் பேச வரும். கந்தோர்ச் சிங்களம் வாசிப்பது வேறு விஷயம். அதனால் எல்லோரும் செய்வதையே நாங்களும் செய்தோம். போனை எடுத்துக் கடிதத்தின் மேல் பிடித்தோம். கூகுள் லென்ஸ் அதைத் தமிழாக்கிக் காட்டியது. அங்கத்துவ இலக்கத்தையும் அடையாள அட்டை விபரத்தையும் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். பாட்டியிடம் இருந்த பழைய போட்டோ கொப்பியையும் படம் பிடித்தோம். எழுத்தைக் கொப்பி பண்ணி ஈமெயிலில் ஒட்டி அனுப்பினோம். மொத்தம் 10 நிமிடம். பாட்டி எங்கள் தலையில் கைவைத்து வாழ்த்திவிட்டுப் போனார்.

மூன்று மாதம் பதில் இல்லை. பிறகு போன் பண்ணிக் கேட்டால், அப்படி ஒரு இலக்கமே இல்லை என்றார்கள். படத்தையும் ஈமெயிலையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். கொப்பியில் மங்கிப்போயிருந்த ஒரு 3, ஈமெயிலில் 8 ஆகியிருந்தது. அந்த மூன்று மாதமும் பாட்டியின் மருந்துச் செலவு கடைக் கொப்பியில் கடனாக ஏறியிருந்தது. போனில் பிழை இல்லை. அது எடுத்துக் கொடுத்ததை வாசிக்காமல் அனுப்பியது நாங்கள்.

இதைக் கேட்டுவிட்டு "அப்போ போனை விட்டுவிடுவோம்" என்று யாரும் சொல்லவேண்டாம். நாங்கள் சொல்ல வருவது அதுவல்ல.

முந்தி தோட்டத்துக்கு ஒரு கடிதம் வந்தால் யார் வாசித்தார்கள்? கணக்கப்பிள்ளையிடம் கெஞ்சவேண்டும். இல்லாவிட்டால் ஒருநாள் பேரை விட்டுவிட்டு பஸ் ஏறி, கச்சேரி வாசலில் உட்கார்ந்திருக்கும் பெட்டிசம் எழுதுபவரிடம் போகவேண்டும். நம் வீட்டு விஷயம் ஊருக்கே தெரிந்துவிடும். இன்று லயத்துக்குள்ளேயே, பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒரு நிமிடத்தில் அந்தக் கடிதத்தில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறது. மழைக்காலத்தில் மண்சரிவு அறிவித்தல் சிங்களத்தில் மட்டும் ஒட்டியிருந்தால், அதை உடனே வாசிக்க முடிவது எவ்வளவு பெரிய விஷயம்! 2016 மே மாதம் அரநாயக்கவில் மலையே சரிந்து வந்ததைப் பார்த்த மாவட்டம் இது.

ஈமெயிலுக்கும் இது பெரிய உதவி. கடிதத்தை வெறும் படமாக மட்டும் அனுப்பினால் அந்தப் பக்கம் உள்ளவர் அதில் எதையும் தேட முடியாது, இலக்கத்தைக் கொப்பி பண்ண முடியாது. கண் தெரியாத ஒருவர் கணினி வாசித்துக் காட்டும் முறையில் வேலை செய்தால், படத்தை அது வாசிக்காது. எழுத்தாக அனுப்பினால் எல்லாம் முடியும். டேட்டாவும் மிச்சம். ஒரு படம் மூன்று நான்கு எம்பி வரும். அதே எழுத்து சில கேபிதான்.

ஆசிரியர்களுக்கு இன்னொரு இலாபம். நம்மிடம் இருக்கும் பழைய வினாத்தாள்களும் கடிதங்களும் பெரும்பாலும் பாமினி எழுத்துருவில் அடித்தவை. அந்த ஃபைலைப் போனில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குப்பை மாதிரி வரும். ஆனால் அச்சிட்ட தாளைப் படம் பிடித்து எழுத்தை எடுத்தால், யூனிகோட் தமிழில் வந்து விழுகிறது. நேரே ஈமெயிலில் ஒட்டலாம். இரவிரவாகத் திரும்ப டைப் பண்ணத் தேவையில்லை.

ஆகவே போனைப் பழகவேண்டும். எல்லா வீட்டிலும் ஒருவராவது பழகவேண்டும்.

ஆனால் அந்தப் பெட்டிசக்காரரிடம் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. எழுதி முடித்ததும் முழுவதையும் ஒருதரம் சத்தமாக வாசித்துக் காட்டுவார். "சரியா?" என்று கேட்பார். அதன் பிறகுதான் கையெழுத்தோ கைநாட்டோ. போன் வந்ததும் நாம் கைவிட்டது அந்த ஒரு நிமிடத்தைத்தான். பாட்டியின் மூன்று மாதம் அந்த ஒரு நிமிடத்தில் போனது.

போன் எங்கெங்கே பிழை விடுகிறது என்பது அனுபவத்தில் தெரிந்துவிட்டது.

முதலாவது, இலக்கம். 3, 8. 1, 7. 5, 6. மங்கிய கொப்பியில் இவை மாறும். சொல்லில் பிழை வந்தால் வாசிக்கிறவர் ஊகித்துக்கொள்வார். இலக்கத்தில் பிழை வந்தால் யாரும் ஊகிக்க முடியாது.

இரண்டாவது, புள்ளி. கொப்பிக்குக் கொப்பி எடுத்த தாளில் மெய்யெழுத்தின் புள்ளி அழிந்துவிடும். "கல்வி" என்ற சொல்லில் புள்ளி போனால் என்ன ஆகும் என்று தமிழ் ஆசிரியர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கால் எழுத்தை "ர" என்றும், "ர"வைக் கால் என்றும் எடுப்பதும் உண்டு.

மூன்றாவது, பெயர். மொழிபெயர்க்கச் சொன்னால் அது பெயரையும் மொழிபெயர்த்துவிடும். மலர் என்ற அம்மா சிங்களத்தில் "மல" என்று வெறும் பூவாகிவிடுவார்.

நான்காவது, கையெழுத்து. பழைய பிறப்புச் சான்றிதழில் பேனாவால் எழுதியதை நம்பி எடுக்கவே கூடாது. கண்ணால் பார்த்து டைப் பண்ணுங்கள்.

ஒரு எழுத்துத்தானே என்று நினைக்கவேண்டாம். மலையகத் தமிழ் மக்களின் கதையே கடதாசியால் எழுதப்பட்ட கதை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தகப்பனும் பாட்டனும் எங்கே பிறந்தார்கள் என்று அத்தாட்சி கேட்டது. கடதாசி இல்லாதவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்து குடும்பங்களைப் பிரித்தது. மிச்சம் இருந்தவர்களுக்கு 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் வழி பிறந்தது. இன்றும் ஒரே ஆளின் பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரி, தோட்டப் பதிவில் ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. அதைத் திருத்த அலைகிறவர்கள் எத்தனை பேர்! அந்தக் குழப்பத்தில் நம் ஈமெயிலும் ஒரு புதுப் பெயரைச் சேர்க்கக்கூடாது.

ஒருவர் தன் கடிதத்தை நம் கையில் தருவது அமானிதம். குர்ஆனின் மிக நீளமான வசனமே கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியதுதான். எழுதுகிறவர் நேர்மையாக எழுதவேண்டும், தானே சொல்ல இயலாதவருக்காகச் சொல்கிறவரும் நேர்மையாகச் சொல்லவேண்டும் என்கிறது. மற்றவருக்காக ஈமெயில் அனுப்பும் எவருக்கும் அது பொருந்தும், எந்த மதமானாலும்.

ஆகவே எங்கள் பாடசாலையில் இப்போது நாங்கள் செய்வது இது:

1. எடுத்த எழுத்தை, அனுப்ப முன் உரியவருக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுகிறோம். இலக்கத்தை ஒவ்வொன்றாக. பெயரை எழுத்தெழுத்தாக.

2. ஈமெயிலில் எழுத்தையும் வைக்கிறோம், படத்தையும் இணைக்கிறோம். எழுத்தில் பிழை வந்தாலும் படம் சாட்சி சொல்லும்.

3. அடையாள அட்டை இலக்கத்தைப் பிறந்த திகதியோடு ஒப்பிடுகிறோம். பழைய அட்டையில் 9 இலக்கம், ஓர் ஆங்கில எழுத்து. முதல் 2 இலக்கம் பிறந்த வருடம். அடுத்த 3 இலக்கம் அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 1958 ஜனவரி 10ஆம் திகதி பிறந்த பெண்ணின் இலக்கம் 58510 என்று தொடங்கும். பெப்ரவரியை எப்போதும் 29 நாளாக எண்ணவேண்டும். 12 இலக்கமுள்ள புதிய அட்டையில் வருடம் 4 இலக்கமாக இருக்கும், மற்றது அதே கணக்கு.

4. வேலை முடிந்ததும் எங்கள் போனிலிருந்து படத்தை அழிக்கிறோம். அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் "யாராவது பார்த்துச் சொல்லுங்க" என்று வட்ஸ்அப் குரூப்பில் போடுவதை நிறுத்துங்கள். கொமினிகேஷன் கடைக்காரத் தம்பிமாருக்கும் இதே வேண்டுகோள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதிலும் நாங்கள் தவறினோம்.

பாட்டிக்கு அந்தக் கடிதம் ஏன் சிங்களத்தில் மட்டும் வந்தது என்று நாங்கள் கேட்கவே இல்லை. போன் இருந்ததால் கேட்கத் தோன்றவில்லை. 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரைப்படி, சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள இடத்திலும் பொதுமகன் ஒருவர் அரச அலுவலரோடு தமிழில் தொடர்புகொள்ளலாம். தமிழிலேயே பதில் பெற உரித்துண்டு. சப்ரகமுவவில் இருக்கும் நமக்கும் அதுதான் சட்டம். மீறினால் முறையிட, 1991ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழு இருக்கிறது.

"உரிமை பேசிக்கொண்டிருந்தால் காசு வருமா சேர்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கந்தோர்களில் தமிழ் தெரிந்தவர்கள் குறைவு என்பதும் உண்மை. அதனால் பதிலை நிறுத்தி வைக்கச் சொல்லவில்லை. இன்றைக்குப் போனால் வாசித்து இன்றைக்கே பதில் போடுங்கள். ஆனால் அந்தப் பதிலைத் தமிழில் எழுதுங்கள். கடைசியில் "இனிவரும் கடிதங்களைத் தமிழில் அனுப்பித் தரும்படி தயவுடன் கேட்டுக்கொள்கிறேன்" என்று ஒரு வரி சேருங்கள். நாம் எல்லோரும் சத்தமில்லாமல் போனை வைத்துச் சமாளித்துக்கொண்டே இருந்தால், தமிழில் எழுதத் தேவையே இல்லை என்றுதான் அந்தப் பக்கம் நினைப்பார்கள். போன் இல்லாத பாட்டிகளும், சார்ஜ் இல்லாத நாட்களும் அவர்கள் கண்ணில் படாது.

பாட்டியின் விஷயம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். திருத்திய ஈமெயிலை அவரைப் பக்கத்தில் இருத்தி, பேத்தியைக் கொண்டே வாசிக்க வைத்து அனுப்பினோம். அவள் ஒவ்வொரு இலக்கமாகச் சொல்ல, பாட்டி பழைய கொப்பியில் விரலை வைத்துத் தலையாட்டினார். இம்முறை பதில் வந்தது. சிங்களத்தில்தான் வந்தது. இலக்கம் சரி. காசுக்கான வேலை நடக்கிறது. தமிழில் கடிதம் கேட்டு மறுபடியும் எழுதியிருக்கிறோம்.

சனிக்கிழமைகளில் மேலதிக வகுப்பு முடிந்த பிறகு நாங்கள் சிலர் பாடசாலையில் இருப்போம். கடிதம் இருந்தால் கொண்டுவாருங்கள். போட்டோ கொப்பி வேண்டாம், ஒரிஜினலையே கொண்டுவாருங்கள். வீட்டில் போன் பழகிய பிள்ளை இருந்தால் கூட்டிவாருங்கள், அடுத்த கடிதத்தை அவரே பார்த்துக்கொள்ளலாம்.

உங்கள் தோட்டத்திலும் இப்படி ஏதாவது நடந்திருந்தால் கீழே எழுதுங்கள். ஆட்களின் பெயரும் இலக்கமும் போடாமல் எழுதுங்கள்.