மிச்சக் காசில் வாங்கும் பொருளல்ல மதர்போர்டு

எஸ்பிஎம் முடிவு வந்து பிள்ளைகள் மேற்படிப்புக்குக் கிளம்பும் காலத்தில் எனக்கு வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒரே மாதிரி இருக்கும். "ஐ7 எடுக்கலாமா, ஐ5 போதுமா?" "கிராஃபிக்ஸ் கார்டு எது நல்லது?" "ரேம் 16 போதுமா, 32 வேண்டுமா?" கணினியைப் பாகம் பாகமாக வாங்கிப் பூட்ட நினைக்கும் குடும்பங்கள் இதையெல்லாம் விலாவாரியாக விசாரிப்பார்கள். மதர்போர்டைப் பற்றி மட்டும் பேச்சே வராது. மற்ற எல்லாவற்றுக்கும் காசை ஒதுக்கிவிட்டு, மிஞ்சுவதில் ஏதோ ஒரு பலகை என்று முடித்துவிடுவார்கள்.

தமிழில் அதற்குத் தாய்ப்பலகை என்று பெயர். செயலி, ரேம், சேமிப்பகம், கிராஃபிக்ஸ் கார்டு எல்லாம் அதன் மேல்தான் உட்காருகின்றன. ரேம் கெட்டால் ஐந்து நிமிடத்தில் வேறொன்றை மாட்டலாம். மதர்போர்டு கெட்டால் மொத்தக் கணினியையும் கழற்றியாக வேண்டும். கழற்றினாலும், நாலைந்து ஆண்டு கழித்து அதே செயலி உட்காரக்கூடிய பலகை கடையில் கிடைக்குமா என்பது சந்தேகம்தான். இன்டெல் 2020இல் கொண்டுவந்த எல்ஜிஏ 1200 சாக்கெட் இரண்டே தலைமுறைச் செயலிகளோடு முடிந்துபோனது. 2021இல் எல்ஜிஏ 1700 வந்தது. 2024இல் எல்ஜிஏ 1851. ஏஎம்டி இந்த விஷயத்தில் கொஞ்சம் தாராளம். 2022இல் வந்த ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027 வரையிலும் அதற்கு அப்பாலும் ஆதரவு தருவதாக அறிவித்திருக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் ஒன்று நிச்சயம்: பழைய பலகை செத்தால், நன்றாக இருக்கும் செயலியும் சேர்ந்து மூலைக்குப் போய்விடலாம்.

சென்ற மாதம் சுங்கை பூலோவில் எங்கள் தாமானைச் சேர்ந்த ஒரு குடும்பம் இரண்டு விலைப்பட்டியல்களோடு வந்தது. அப்பா லாரி ஓட்டுபவர். மகள் மல்டிமீடியா டிப்ளோமாவில் சேரப் போகிறார். அனிமேஷன் பாடம் என்பதால் கணினி இரவு முழுக்க ரெண்டரிங் செய்ய வேண்டியிருக்கும். "நாலாயிரம் வெள்ளிதான் அண்ணே. அதுக்கு மேல ஒரு காசு கெடையாது" என்று அப்பா முதலிலேயே சொல்லிவிட்டார். அந்தப் பணத்தை ஒன்றரை ஆண்டாகச் சேர்த்திருக்கிறார்கள்.

இரண்டு பட்டியல்களின் கூட்டுத் தொகையும் ஏறக்குறைய ஒன்றுதான். கிராஃபிக்ஸ் கார்டும் ஒன்றே. முதலாவதில் ஐ7-14700 செயலி; அதற்கு எச்610 வகையில் இருப்பதிலேயே மலிவான பலகை; பெயர் கேள்விப்படாத பவர் சப்ளை. இரண்டாவதில் ஐ5-14400 செயலி. நடுத்தரமான பி760 பலகை. பெயருள்ள பவர் சப்ளை.

"அங்கிள், மதர்போர்டு வேகத்தைக் கூட்டாதுதானே? அப்ப ஐ7 எடுக்கிறதுதானே லாபம்?" என்று மகள் கேட்டார். நியாயமான கேள்வி. கடைக்காரர்கள் சொல்வதும் இதுதான்.

மதர்போர்டு வேகத்தைக் கூட்டாது என்பது உண்மை. ஆனால் குறைக்கும். பவர் சப்ளையிலிருந்து பலகைக்கு வருவது 12 வோல்ட். செயலிக்கு வேண்டியதோ ஒரு வோல்ட்டுக்குச் சற்று மேல். அதை இறக்கிக் கொடுக்கும் வேலையைச் செயலியைச் சுற்றியிருக்கும் சிறிய பாகங்கள் செய்கின்றன. அவற்றைத்தான் விஆர்எம் என்கிறார்கள். ஐ7-14700 முழு வேகத்தில் ஓடும்போது 219 வாட் வரை இழுக்கலாம் என்று இன்டெல்லே குறிப்பிட்டிருக்கிறது. 1.2 வோல்ட் என்று வைத்துக் கணக்குப் போட்டால் 180 ஆம்பியருக்கு மேல் போகிறது. நம் வீட்டு மூன்று முள் பிளக்கில் இருக்கும் ஃபியூஸ் 13 ஆம்பியர்தான். உள்ளங்கை அளவு இடத்துக்குள் இவ்வளவு மின்சாரம் ஓடினால் சூடு எகிறும்.

நல்ல பலகைகளில் இந்தப் பாகங்கள் எண்ணிக்கையில் அதிகம். அவற்றின் மேல் உலோகக் கட்டி பதித்திருப்பார்கள், சூட்டை வெளியேற்ற. மலிவான பலகையில் அவை வெறுமையாக இருக்கும். பத்து நிமிட வேலைக்கு இது தெரியாது. இரவு முழுக்க ரெண்டரிங் ஓடும்போது, பலகை சூடு தாங்காமல் செயலியின் வேகத்தைக் குறைத்துவிடும். ஐ7-க்குக் காசு கொடுத்து ஐ5 வேகம் வாங்கிய கதையாகிவிடும். ஐ5-14400 இழுப்பது அதிகபட்சம் 148 வாட். நடுத்தர பி760 பலகைக்கு அது சிரமமே இல்லை. அதோடு, எச்610இல் ரேம் செருக இரண்டு இடம்தான். பல பி760 பலகைகளில் நான்கு. இரண்டாம் ஆண்டில் கூடுதல் ரேம் தேவைப்பட்டால், பழையதைக் கழற்றாமலே சேர்க்கலாம்.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்ட அப்பா கடைசியில் ஒன்று கேட்டார். "அதெல்லாம் சரிண்ணே. நாளைக்குக் கெட்டுப்போச்சுன்னா யாரு பார்ப்பா?"

மதர்போர்டு வாங்கும் ஒவ்வொருவரும் கேட்க வேண்டியது இதைத்தான். "பெரிய பிராண்டாகப் பார்த்து வாங்குங்கள்" என்பது அதற்கு முழுப் பதிலாகாது. 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் உலகம் முழுக்க மதர்போர்டுகள் வரிசையாகப் படுத்தன. பலகையில் உருளை வடிவில் நிற்கும் மின்தேக்கிகளுக்குள் தரமற்ற திரவம் நிரப்பப்பட்டிருந்தது. அவை தலை உப்பி, பழுப்பு நிறத்தில் கசிந்தன. டெல் நிறுவனத்தின் ஆப்டிபிளெக்ஸ் அலுவலகக் கணினிகளும் அதில் மாட்டின. அந்தப் பாகங்களை மாற்றும் செலவுக்காக 2005இல் டெல் ஏறக்குறைய 30 கோடி அமெரிக்க டாலரை ஒதுக்க வேண்டியிருந்தது. பெயர் பெற்ற கம்பெனிக்கே இந்த நிலை என்றால், பெட்டியின் மேல் இருக்கும் பெயரை மட்டும் நம்பி என்ன செய்வது?

இன்று பெரும்பாலான பலகைகளில் செயலியைச் சுற்றித் திரவம் இல்லாத திட மின்தேக்கிகளே இருக்கின்றன. அந்தப் பழைய வியாதி குறைந்துவிட்டது. ஏசுஸ், கிகாபைட், எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் நான்கும் தைவான் நிறுவனங்கள். நான்கிலும் நல்ல பலகையும் உண்டு, ஒப்புக்குச் செய்த பலகையும் உண்டு. பிராண்டுக்காகச் சண்டை போடுவதைவிட மாடலைப் பார்ப்பது மேல்.

மாடலில் நான் முதலில் பார்ப்பது பயாஸ் எனப்படும் அடிப்படை மென்பொருளை. காரணம் சமீபத்தியது. 2023இல் சில ஏஎம்5 பலகைகளில், ரைசன் 7000 வரிசையின் எக்ஸ்3டி செயலிகள் அளவுக்கு மீறிய மின்னழுத்தத்தால் கருகின. ஏஎம்டி அந்த அழுத்தத்தை 1.3 வோல்ட்டுக்கு மேல் போகாதபடி கட்டுப்படுத்தியது. 2024இல் இன்டெல்லின் 13, 14-ஆம் தலைமுறைச் செயலிகளில் பல, நிலையில்லாமல் தடுமாறின. அங்கும் மிகையான மின்னழுத்தம்தான் காரணம். இன்டெல் திருத்தம் வெளியிட்டதோடு, பாதிக்கப்பட்ட செயலிகளுக்கு இரண்டு ஆண்டு கூடுதல் உத்தரவாதமும் கொடுத்தது. முதல் பட்டியலில் இருந்த ஐ7-உம் அந்த வரிசையைச் சேர்ந்ததுதான்.

இரண்டு சம்பவத்திலும் திருத்தம் நம் கணினிக்குள் வந்து சேர்ந்த வழி ஒன்றே: மதர்போர்டு நிறுவனம் வெளியிட்ட புதிய பயாஸ். அதை வெளியிட ஆளில்லாத பலகையை வாங்கியவர்களுக்கு விமோசனம் இல்லை. ஆகவே வாங்குமுன் நிறுவனத்தின் இணையத்தளத்தில் அந்த மாடலின் பக்கத்துக்குப் போங்கள். பயாஸ் பட்டியலில் தேதிகள் இருக்கும். கடைசி வெளியீடு எப்போது, இதுவரை எத்தனை வந்திருக்கின்றன என்று பாருங்கள். அதே பக்கத்தில் எந்தச் செயலி பொருந்தும், எந்த ரேம் சோதிக்கப்பட்டது என்ற பட்டியலும் இருக்கும். கடையில் வாங்கும் பலகை பல மாதம் அலமாரியில் இருந்ததாக இருக்கலாம். ஆகக் கடைசி பயாஸை ஏற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்.

அடுத்தது உள்ளூர் உத்தரவாதம். மதர்போர்டுக்கு மூன்று ஆண்டு உத்தரவாதம் சாதாரணமாகக் கிடைக்கும். அதை நம் நாட்டில் யார் ஏற்கிறார்கள் என்பதே முக்கியம். மலேசிய விநியோகிப்பாளரின் ஒட்டுவில்லை பெட்டியில் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து நேரே அஞ்சலில் வரும் பலகை நூறு ரிங்கிட் மலிவாக இருக்கலாம். கெட்டால் திருப்பி அனுப்பும் செலவும் அலைச்சலும் உங்களுடையது. இணையச் சந்தையில் ஆச்சரியப்படும் விலைக்கு விற்கும் சில எக்ஸ்99 பலகைகளில், பழைய பலகைகளிலிருந்து கழற்றிய சிப்பையே வைத்துப் புதிதாகச் செய்திருப்பார்கள். விளையாட்டாகப் பூட்டிப் பார்ப்பவருக்கு அது சரி. பிள்ளையின் படிப்பை அதன் மேல் வைக்க முடியாது.

சுங்கை பூலோவாசிகளுக்குப் போக்குவரத்து ஒரு சாக்கு அல்ல. எம்ஆர்டியில் ஏறி, குவாசா டாமன்சாராவில் காஜாங் வழித்தடத்துக்கு மாறினால் புக்கிட் பிந்தாங் வந்துவிடும். அங்கிருந்து லோ யாட் பிளாசா நடக்கும் தூரம். நான்கு கடை ஏறி இறங்கி ஒரே மாடலின் விலையைக் கேட்கலாம். பெட்டியைத் திறந்தும் பார்க்கலாம்.

திறந்து பார்ப்பது அவசியம். இப்போதைய இன்டெல், ஏஎம்5 பலகைகள் இரண்டிலும் மெல்லிய கம்பிகள் செயலியில் இல்லை, பலகையின் சாக்கெட்டில் இருக்கின்றன. ஒரு கம்பி வளைந்திருந்தாலும் உத்தரவாதம் செல்லாது என்று சொல்லிவிடலாம். கடைக்காரர் முன்னிலையிலேயே பார்த்துக் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துவையுங்கள். சாக்கெட்டை மூடியிருக்கும் பிளாஸ்டிக் மூடியை எறிய வேண்டாம். பலகையைப் பழுதுக்கு அனுப்பும்போது அந்தக் கம்பிகளைக் காக்க அது வேண்டும்.

ரசீதில் மாடல் பெயரும் வரிசை எண்ணும் இருக்கட்டும். "மதர்போர்டு 1" என்று மட்டும் எழுதிய ரசீது வாதத்துக்கு உதவாது. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்கும் பொருள் ஏற்கத்தக்க தரத்தில் இருந்தாக வேண்டும். கடை கைவிரித்தால் பயனீட்டாளர் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். மலாயில் திரிபுனல் துந்துத்தான் பெங்குனா என்பார்கள். மனுக் கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். வழக்கறிஞர் தேவையில்லை.

வாங்கிய பலகையைக் காப்பது நம் கையில். கிள்ளான் பள்ளத்தாக்கில் இடி மின்னலுக்குப் பஞ்சமில்லை. அதிலும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மாலையானால் வானம் கிழியும். மின்னல் பக்கத்தில் விழுந்தால் சாதாரண எக்ஸ்டென்ஷன் தாங்காது. மின்னெழுச்சியைத் தடுக்கும் பிளக் பட்டை ஒன்று வாங்குங்கள். அதுவும் நேரடி மின்னலை நிறுத்தாது. வானம் கறுத்தால் சுவர் பிளக்கைப் பிடுங்குவதுதான் நிச்சயமான வழி. இணைய மோடத்திலிருந்து வரும் கேபிளையும் சேர்த்துக் கழற்றுங்கள். வீட்டுக்குள் வரும் ஃபைபர் கண்ணாடியிழை என்பதால் மின்சாரம் கடத்தாது. ஆனால் மோடமும் மின்பிளக்கில்தானே இருக்கிறது? அதன் வழியாகப் பாயும் மின்சாரம் கேபிள் பிடித்து மதர்போர்டின் இணையத் துளைக்கு வந்துவிடும்.

ஏர்கோன் இல்லாத அறையில் பகலில் 30 டிகிரிக்கு மேல் இருக்கும். திரவ மின்தேக்கி பத்து டிகிரி கூடுதல் சூட்டில் வேலை செய்தால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் பழகிய கணக்கு. கணினியை மேசைக்கடியில் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். பின்புறம் ஒரு சாண் இடம் விடுங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும் சாமி மேடைக்குப் பக்கத்திலும் வேண்டாம். புகையும் சாம்பலும் விசிறி வழியே உள்ளே போய்ப் படியும். பின்பக்கத்து வெற்றுத் துளைகளின் தகடுகளைக் கழற்றி எறிந்துவிட்டால் எறும்புக்கும் பல்லிக்கும் வாசல் திறந்தது போல. அவை பலகையில் ஏறி மின்சுற்றைக் கோர்த்துவிடும்.

இவ்வளவையும் பார்த்துவிட்டால், விலை உயர்ந்த பலகைக்கு ஓட வேண்டியதில்லை. வண்ண விளக்குகளும் படம் காட்டும் சிறு திரையும் பலகையின் ஆயுளை ஒரு நாள்கூடக் கூட்டாது. அந்தக் காசை நல்ல பவர் சப்ளைக்குக் கொடுங்கள். மட்டமான பவர் சப்ளை சாகும்போது பலகையையும் இழுத்துக்கொண்டு போகக்கூடும்.

அந்தக் குடும்பம் இரண்டாவது பட்டியலையே எடுத்தது. ஐ5 என்று மகளுக்கு முதலில் கொஞ்சம் முகம் சுருங்கியது உண்மைதான். இப்போது பலகையின் வெற்றுப் பெட்டி அவர்கள் வீட்டு அலமாரியின் மேல் இருக்கிறது. உள்ளே ரசீதும் சாக்கெட் மூடியும். மூன்று ஆண்டுக்கு அதில் யாரும் கைவைக்கக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு.