மறுகாலை முதலில் யோசிங்க

போன வாரம் சென்னையிலிருந்து அக்கா மகன் போன் பண்ணினான். பவளப்பாறை மீன் வளர்க்க நாலடி நீளம், ரெண்டடி அகலத்தில் கடல்நீர்த் தொட்டி செய்யப் போகிறானாம். "மாமா, தண்ணி வழியற வாயை பின்னால நடுவுல வைக்கறதா, ஓரத்துல வைக்கறதா? நீங்கதான் குட்டை வெட்டினவராச்சே, சொல்லுங்க" என்றான்.

கேலிக்குத்தான் கேட்டான். ஆனால் கேள்வி கேலியானதில்லை. குட்டை வெட்டும்போது நான் கேட்காமல் விட்ட கேள்வி அது.

எங்க ஆயக்குடி கொய்யாவுக்குப் பேர் போன ஊருங்க. தோப்புக்குத் தண்ணி வேணும்னு நூறடிக்கு நூறடி பண்ணைக்குட்டை வெட்டினேன். தண்ணி எங்கிருந்து வரும், எவ்வளவு நிற்கும்னு எல்லாம் கணக்குப் போட்டேன். மறுகாலை மட்டும் கடைசி நாள், பொக்லைன் கிளம்புற அவசரத்துல, கிட்ட இருந்த மூலையில் கீறி விட்டேன். அது போட்டு நிரப்பின மண். அந்தளவு குட்டையில் ஒரு அடி ஏறினால் 2.83 லட்சம் லிட்டர். ஐப்பசி மழை ஒரே ராத்திரியில் கொட்டினப்போ மூலை அறுத்துக்கிட்டுப் போச்சு. பதினோரு கொய்யா மரம் வேரோட சாய்ஞ்சது. பக்கத்துத் தோட்டத்து அண்ணன் வெங்காயத்துக்குள்ள சேறு. அவர் என்கிட்ட பேச ஒரு வருஷம் ஆச்சு.

அப்புறம்தான் பழைய குளங்களைப் போய்ப் பார்த்தேன். பெரியவங்க மறுகாலை கரையின் நடுவில் வைக்கலை. அங்கேதான் ஆழம் அதிகம், கரை உயரம். அங்கே வழிந்தால் கரையின் அடியே அரிச்சுடும். கரை முடியற ஓரத்துல, கெட்டித் தரையோ பாறையோ பார்த்து வெச்சிருக்காங்க. வாயும் அகலம். அகலமா இருந்தா தண்ணி மெல்லிசா வழியும், அறுக்காது. வழிஞ்ச தண்ணி அடுத்த குளத்துக்குப் போகும். அதாவது, எங்கே வழியணும்ங்கறதை எங்கே போகணும்ங்கறதுதான் முடிவு பண்ணியிருக்கு.

நகரத்து ஆட்கள் கோவிச்சுக்காதீங்க. வீடு வாங்கும்போது ஏரி தெரியுதான்னு பார்க்கறீங்க, அந்த ஏரியோட மறுகால் எந்தப் பாதையில போகும்னு பார்க்கறீங்களா? 2015 டிசம்பரில் வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் வீட்டுக்குள்ள தண்ணி நின்னதை டிவியில் பார்த்தப்போ எனக்கு என் மூலைதான் ஞாபகம் வந்தது. தண்ணி வழி கேட்டுட்டு வராது. நாம வழி விடலைன்னா அதுவே வழி பண்ணிக்கும்.

மருமகனைத் திரும்பக் கூப்பிட்டேன். அவன் தொட்டியில் மேலே வழியற தண்ணி அடியிலிருக்கற தொட்டிக்கு இறங்கி, சுத்தமாகி, மோட்டார் வழியா மேலே ஏறணுமாம். தண்ணி மேல படியற எண்ணெய் மாதிரி அழுக்கு வழிஞ்சு போகணும்னுதான் வாயை உச்சியில் வைக்கறாங்களாம். எங்க குளத்துக் கணக்கேதான்.

"கரன்ட் போனா என்ன ஆகும்?" என்றேன். யோசிச்சான். மேல்தொட்டியில் ஒரு அங்குலம் இறங்கினால் ஏறக்குறைய 19 லிட்டர் கீழே வரும். அதுக்கு அடித்தொட்டியில் வெறும் இடம் விட்டிருக்கியா? மோட்டார் குழாயோட வாய் தண்ணிக்குள்ள ஆழமா முங்கியிருந்தால் அது வழியாவும் தண்ணி கீழே இழுத்துக்கும். வழியற குழாயில் நத்தையோ பாசியோ அடைச்சுக்கிட்டா? அதைவிடக் கொஞ்சம் உயரத்தில் இன்னொரு குழாய் சும்மா இருக்கட்டும். என்னிக்கும் வேலை செய்யாத குழாய்னு நினைக்காதே, அதுதான் வீட்டுத் தரையைக் காப்பாத்தும்.

"சரி மாமா, நடுவா, ஓரமா?"

"தொட்டியை எங்கே வைக்கப் போறே?"

"சுவத்தை ஒட்டி."

"நடுவுல அடைச்சா பின்னால கை போகுமா?"

போகாதாம். அப்போ ஓரம். அதுவும் இப்பவே முடிவு பண்ணணும். டஃபன்டு கண்ணாடியில் பிறகு ஓட்டை போட்டால் நொறுங்கிடும்னு கடைக்காரரே சொல்லியிருக்கார்.

கண்ணாடி உடைஞ்சால் வேற வாங்கலாம். என் பதினோரு மரத்துக்குப் பதிலா நட்ட கன்று இந்த வருஷம்தான் காய்க்க ஆரம்பிச்சிருக்கு. முதல் கூடையைப் பக்கத்துத் தோட்டத்து அண்ணனுக்குக் கொடுத்தேன். வாங்கிக்கிட்டார்.